உச்சியை அளந்தால் போதாது, கணவாயையும் அளக்க வேண்டும்

வேல்ஸின் இரண்டாவது உயரமான சிகரம் கார்னெத் இகைன், 1065 மீட்டர். ஆங்கில்சி தீவை ஒட்டியிருக்கும் ஹோலிஹெட் மலை வெறும் 220 மீட்டர். ஆனால் பிரிட்டனில் மலையேறுபவர்கள் பெரிதும் மதிக்கும் ‘மர்லின்’ பட்டியலில் சின்ன மலைக்கு இடம் உண்டு, பெரிய மலைக்கு இல்லை. நில அளவைத் தொழிலில் இருப்பதால் நண்பர்கள் இதைக் காட்டி என்னிடம் விளக்கம் கேட்பார்கள். இதில் தவறு ஒன்றுமில்லை. 1992-ல் ஆலன் டாசன் தொகுத்த அந்தப் பட்டியல் உயரத்தைப் பார்ப்பதே இல்லை, புடைப்பை மட்டுமே பார்க்கிறது.

ஒரு மலையுச்சியிலிருந்து அதைவிட உயரமான இன்னொரு மலைக்குப் போக வேண்டுமென்றால் எந்த வழியானாலும் கொஞ்சம் இறங்கித்தான் ஏற வேண்டும். இருப்பதிலேயே குறைவாக இறங்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், அதில் எவ்வளவு கீழே போகிறோமோ அதுதான் புடைப்பு. அந்த வழியின் மிகத் தாழ்ந்த இடம்தான் கணவாய். கார்னெத் இகைனிலிருந்து ஸ்னோடனுக்கு, அதாவது அர் உய்த்வாவுக்கு, 72 மீட்டர் இறங்கினால் போதும். ஹோலிஹெட் மலை ஒரு தீவில் நிற்பதால் கடல்மட்டம் வரை இறங்கியாக வேண்டும். மர்லினுக்கு 150 மீட்டர் புடைப்பு வேண்டும். ‘ஹம்ப்’ என்ற பட்டியலுக்கு 100, ‘டம்ப்’ பட்டியலுக்கு 30. 2000 அடிக்கு மேல் (609.6 மீட்டர்) உயரமும் 30 மீட்டர் புடைப்பும் இருந்தால் அது ‘ஹியூவிட்’.

வேல்ஸின் சிறிய மலைகள் பலவும் இந்த 30, 100 என்ற கோடுகளின் ஓரத்தில்தான் நிற்கின்றன. அங்கே மலையின் வகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கணவாய். ஆனால் கணவாயை யாரும் கவனிப்பதில்லை. வரைபடத்தில் உச்சிக்கு ஓர் எண் இருக்கும், கணவாய்க்குப் பெரும்பாலும் எண்ணே இருக்காது. 10 மீட்டர் உயர இடைவெளியில் ஓடும் இரண்டு சமஉயரக் கோடுகளுக்கு நடுவே அது எங்கோ கிடக்கும். ஒருவர் நடுவாக மதிப்பிட்டு, புடைப்பு 30 மீட்டர் என்று எழுதியிருப்பார். உண்மையில் அது 26 ஆகவும் இருக்கலாம், 34 ஆகவும் இருக்கலாம். பட்டியலில் இருக்கும் ஒரு மலையின் புடைப்பு அளந்து வந்ததா, கோடுகளைப் பார்த்து ஊகித்ததா என்று கேட்டுப் பழகுங்கள்.

கணவாயை அளப்பது உச்சியை அளப்பதைவிடக் கடினம். மலைக்கு மலை போகும் கோட்டில் மிகத் தாழ்ந்த இடமாகவும், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு போகும் கோட்டில் மிக உயர்ந்த இடமாகவும் அந்த ஒரே புள்ளி இருக்க வேண்டும். சதுப்பும் கோரைப்புல் மேடுகளுமாகப் பரந்து கிடக்கும் வேல்ஸ் மேட்டுநிலத்தில் கண் நம்மை ஏமாற்றிவிடும். நடுவில் உயர வித்தியாசம் பார்க்கும் லெவல் கருவியை நிறுத்திவிட்டு, ஒருவர் அளவு குறித்த நீளக் கோலான ஸ்டாஃபைப் பிடித்தபடி முதலில் ஒரு திசையில் நடப்பார், பிறகு குறுக்காக நடப்பார். நின்ற இடமெல்லாம் சிறு கொடி நடுவார். ஸ்டாஃபின் அடி பாசிக்குள் அமிழ்ந்தால் சில சென்டிமீட்டர் கணக்கு கெட்டுப்போகும். எனவே கையை உள்ளே விட்டு, கெட்டியான மண் எங்கே தொடங்குகிறது என்று தடவிப் பார்த்த பிறகே ஸ்டாஃபை வைக்க வேண்டும். கொடிகள் ஒரு சிறு வட்டத்துக்குள் வந்து நெருங்கிய பிறகுதான், செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு உயரத்தை அளக்கும் ஜிஎன்எஸ்எஸ் கருவிக்கு வேலை.

இதில் அளவைக்கு அப்பாற்பட்ட கேள்விகளும் வரும். கணவாயில் ரயில் பாதைக்காக மண்ணை வெட்டியிருந்தால் எதைக் கணக்கில் எடுப்பது? இன்றைய வெட்டின் அடியையா, வெட்டுவதற்கு முன் இருந்த நிலத்தையா? வெட்டை எடுத்துக்கொண்டால் மனிதன் கிளறிய மண்ணால் ஒரு மலைக்கு மதிப்பு கூடிவிடும். இயற்கை நிலத்தையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. உச்சியில் மலையேறுபவர்கள் குவித்த கற்களைக் கழித்துவிட்டுத்தானே அளக்கிறோம், கணவாயிலும் அந்த நியாயம் வேண்டாமா?

2018-ல் வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைப்பகுதியில் உள்ள வான் அ பிக் ஹியூவிட் பட்டியலிலிருந்து இறங்கியதற்கு உயரம் காரணமல்ல. அது 700 மீட்டரைத் தாண்டிய மலை. புடைப்புதான் 30-க்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் குறைந்துவிட்டது. உச்சியே கதையை மாற்றிய மலைகளும் உண்டு. 609 மீட்டர் என்று வரைபடத்தில் இருந்த மினித் கிரைக் கோக், 2008-ல் அளந்தபோது 609.75 மீட்டர் என்று தெரிந்து 2000 அடியைத் தாண்டியது. 999 என்றிருந்த கிளடர் வவ்ர் 2010-ல் 1000.8 ஆனது. இரண்டு இடத்திலும் மலை வளரவில்லை. பழைய எண்கள் பலவும் விமானப் படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை, அவற்றில் சில மீட்டர் பிசகுவது இயல்பு. இன்னொன்று, உச்சியில் நிற்கும் கான்கிரீட் முக்கோண அளவைத் தூணை மிக உயர்ந்த புள்ளி என்று நினைக்காதீர்கள். நாலாபுறமும் பார்வை கிடைக்கும் இடத்தில்தான் அந்தத் தூணை நட்டார்கள். நிஜ உச்சி பக்கத்துப் பாறையில் இருக்கலாம்.

கையில் இருக்கும் போனை நம்பி மலையின் உயரத்தைத் திருத்தப் புறப்படுபவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், வேண்டாம். செயற்கைக்கோள் தரும் உயரம் பூமியின் கணித வடிவத்திலிருந்து எண்ணப்படுவது. வேல்ஸில் அது கடல்மட்ட உயரத்தைவிட சுமார் 50 மீட்டர் அதிகமாக இருக்கும், சில செயலிகள் அதைத் திருத்தாமல் அப்படியே காட்டும். பிரிட்டனின் உயரங்களுக்கு அடிப்படை, கார்ன்வாலின் நியூலினில் 1915 முதல் 1921 வரை பதிவான சராசரிக் கடல்மட்டம். செயற்கைக்கோள் உயரத்தை அந்தக் கடல்மட்டக் கணக்குக்கு மாற்றும் திருத்த மாதிரியும் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. அப்படிப் புதுப்பித்த பிறகுதான், 2016-ல் இங்கிலாந்தின் காஃப் டாப் 609.606 மீட்டர் என்று உறுதியாகி, 6 மில்லிமீட்டரில் 2000 அடியைத் தாண்டியது.

விமானத்திலிருந்து லேசர் கொண்டு எடுத்த லைடார் தரவு இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. எந்தக் கணவாயைப் போய்ப் பார்ப்பது என்று வீட்டிலிருந்தே தேர்ந்தெடுக்க அது அருமையான துணை. கூரான பாறையுச்சியிலும் அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள்ளும் மட்டும் அதை அப்படியே ஏற்காதீர்கள். பாறையின் முனை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தப்பிவிடும், காட்டுக்குள் லேசர் தரையைத் தொடுவதே அரிது.

நீங்களே அளந்து பட்டியல் தொகுப்பாளர்களுக்கு அனுப்புவதாக இருந்தால், முடிவு எண்ணோடு கருவியின் மூலத் தரவுக் கோப்பையும் அனுப்புங்கள். ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இருந்தது என்பதைத் தொடங்கும்போது ஒருமுறை, கருவியைக் கழற்றும் முன் ஒருமுறை அளந்து குறியுங்கள், அதிகம் தவறு நடப்பது அதில்தான். கணவாயில் கருவி நின்ற இடத்தை நான்கு திசையிலிருந்தும் படம் எடுத்துச் சேர்த்துவிட்டால், அடுத்து வருபவர் அதே புள்ளியில் நின்று சரிபார்க்க முடியும்.