வேட்டை இறைச்சியோடு வயிற்றுக்குள் போகும் ஈயம்

கனடாவின் வடக்கே ஜேம்ஸ் விரிகுடாக் கரையோரம் வாழும் கிறீ என்னும் முதற்குடி மக்களின் வயிற்று எக்ஸ்ரேக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த வெள்ளைப் புள்ளி புதிதல்ல. பெரும்பாலும் வலப்பக்க அடிவயிற்றில், மிளகளவில், எலும்பைவிடப் பளிச்சென்று தெரியும். சில படங்களில் ஒன்று, சில படங்களில் கொத்தாக. தெற்கிலிருந்து புதிதாக வரும் மருத்துவர் “இவரை யாராவது சுட்டார்களா?” என்று கேட்பதுண்டு. சுட்டது இவரை அல்ல, இவர் சாப்பிட்ட வாத்தை.

நான் எக்ஸ்ரே தொழில்நுட்பவியலாளர். ரொறன்ரோவில் வேலை, இடையிடையே ஒப்பந்தத்தில் வட ஒன்ராறியோவுக்குப் போய் வருகிறேன். வடக்கில் இருப்பவர்களின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருக்கிறது என்று இங்கே சொன்னால், கேட்பவர்கள் உடனே தண்ணீர்க் குழாயையோ சுரங்கத்தையோதான் நினைக்கிறார்கள். அந்த இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. வடமேற்கு அலாஸ்காவில் 1989இலிருந்து இயங்கும் ரெட் டோக் ஈய, துத்தநாகச் சுரங்கத்தின் தாது லொறிகள் போகும் பாதையோரத்தில், பாசியில்கூட ஈயத்தூசு படிந்திருந்தது. பழைய கட்டிடக் குழாய்களும் இருக்கின்றன. ஆனால் சுரங்கமே இல்லாத, தண்ணீர் லொறியில் வந்து தொட்டியில் நிரம்பும் ஊர்களிலும் ஈயம் இருக்கிறதே? அங்கே பெரிய பங்கு தோட்டாவுக்குத்தான்.

இது வெறும் ஊகமல்ல. ஒவ்வோர் இடத்துத் தாதுவிலும் ஈயத்தின் ஐசோடோப்புகள், அதாவது எடை வேறுபடும் ஈய அணு வகைகள், வெவ்வேறு விகிதத்தில் இருக்கும். அந்த விகிதத்தை இரத்தத்தில் அளந்தால் ஈயம் எங்கிருந்து வந்தது என்பதை ஓரளவு பிரித்தறியலாம். பேராசிரியர் லெனர்ட் சூஜியின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு, வட ஒன்ராறியோ முதற்குடியினரின் இரத்தத்தைத் தொழிற்சாலை நகரமான ஹமில்டன் வாசிகளின் இரத்தத்தோடு ஒப்பிட்டது. ஹமில்டன்காரரின் விகிதம் வேறாக இருந்தது. முதற்குடியினரின் விகிதமோ தோட்டா ஈயத்தின் விகிதத்தோடு பொருந்தியது. கியூபெக்கின் வடகோடியான நுனாவிக்கில், அங்குள்ள பழங்குடியினரான இனுவிட் மக்களின் குழந்தைகளது தொப்புள்கொடி இரத்தத்தில் செய்த ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டியது. கிரீன்லாந்தில் கடற்பறவை இறைச்சியை ஆராய்ந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

உடலுக்குள் எப்படிப் போகிறது? வாத்து வேட்டைத் தோட்டாவில் ஒற்றைக் குண்டு இல்லை, சிறு சன்னங்கள் பல டசின், சிலவற்றில் நூறுக்கு மேல். பறவைக்குள் பாய்ந்தவற்றில் கண்ணில் பட்டதைச் சமைப்பவர் எடுத்துப்போடுவார், சில தப்பிவிடும். எலும்பில் மோதித் தெறித்த துணுக்குகள் கண்ணுக்கே தெரியாது. சன்னங்களை எடுத்துவிட்ட இறைச்சியிலும் ஈயம் மிச்சமிருப்பது இதனால்தான். விழுங்கிய சன்னத்தை இரைப்பை அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். பெரும்பாலானவை மலத்தோடு போய்விடும். குடல்வாலுக்குள் விழுந்தவை மட்டும் சுலபத்தில் வெளியே வருவதில்லை, மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். என் படங்களில் வலப்பக்கம் தெரியும் புள்ளிகள் பலவும் அவைதான்.

மூஸ், கரிபு மான்களுக்கு ரைபிள். அதன் ஈயக் குண்டு இலக்கில் பட்டதும் விரிந்து சிதறும்படியே செய்யப்பட்டது. சிதறிய தூள் காயத்திலிருந்து ஒரு சாணுக்கு அப்பாலும் தசைக்குள் பரவியிருக்கும். ஆகவே ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எறிந்தால் போதும் என்ற எண்ணம் சரியல்ல. அப்படிப்பட்ட துண்டை அரைவை இயந்திரத்தில் போட்டால் ஓரிடத்தில் இருந்த தூள் அரைத்த இறைச்சி முழுவதும் கலந்துவிடும். வினிகர், தக்காளி போன்ற புளிப்புச் சேர்த்து ஊறவைத்தால் ஈயம் இன்னும் வேகமாகக் கரையும்.

உள்ளே போன ஈயத்தில் வளர்ந்தவர் உடல் உறிஞ்சுவது பத்திலொரு பங்கு. சிறு பிள்ளையின் உடலோ பாதி வரை எடுத்துக்கொள்ளும், இரும்புச் சத்துக் குறைவாக இருந்தால் இன்னும் கூடும். இரத்தத்தில் உள்ள அளவு ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகிறது. எலும்பில் படிந்தது பல ஆண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கல்சியம் கரையும்போது அந்த ஈயமும் சேர்ந்து கிளம்பிச் சிசுவுக்குப் போகிறது. அதாவது, பத்து வயதில் தின்ற வாத்தின் ஈயம் இருபத்தைந்து வயதில் பிள்ளைக்குப் போய்ச் சேரலாம். பாதிப்பு பெரும்பாலும் சத்தமில்லாதது: பிள்ளைகளுக்குக் கவனக்குறைவு, கற்றலில் பின்னடைவு, பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு. வயிற்றுவலியோடு யாரும் ஓடிவரத் தேவையில்லை. பாதுகாப்பான அளவென்று ஒன்றுமில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்தை அமெரிக்கா 1991இலும், இடம்பெயரும் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கனடா 1999இலும் தடைசெய்தன. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தடை முதலில் பறவைகளுக்காக வந்தது. சதுப்பு நிலத்தில் கிடக்கும் சன்னங்களைச் சிறுகல்லென்று நினைத்து விழுங்கி அவை நஞ்சேறிச் செத்தன. அந்தப் பறவையைச் சாப்பிடும் மனிதர் பற்றிய பேச்சு பிறகுதான் சூடுபிடித்தது. காட்டுக்கோழி, முயல் போன்றவற்றுக்கு ஈயத் தோட்டா இன்னும் கிடைக்கிறது. வீட்டில் ஒரே துப்பாக்கி, ஒரே அலமாரி. வாத்துக்கு மட்டும் வேறு தோட்டா எடுப்பார்கள் என்று எதிர்பார்ப்பது தலைநகரில் இருந்து யோசிப்பவர்களின் கணக்கு.

மாற்றான எஃகுச் சன்னத்தின் மேல் மூத்த வேட்டைக்காரருக்கு இருக்கும் அவநம்பிக்கையையும் நான் குறைசொல்ல மாட்டேன். எஃகு ஈயத்தைவிட எடை குறைந்தது, அதே தூரத்தில் வேகம் இழந்துவிடும். பறவை சாகாமல் காயத்தோடு பறந்துபோவது அவர்களுக்குப் பெரிய அவமரியாதை. பழைய துப்பாக்கிக் குழலுக்கும் எஃகு ஒத்துவராது. ஓரிரண்டு அளவு பெரிய சன்னம் எடுத்து, கிட்டப் போய்ச் சுடப் பழகினால் சரிவரும். ஆனால் அதை மைதானத்தில் சுட்டுக்காட்டத்தான் வேண்டும், துண்டுப்பிரசுரம் கொடுத்து ஆகாது. நுனாவிக்கில் 1999 அளவில் சுகாதாரத் துறை உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து ஈயச் சன்னத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்தபின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஈயம் குறைந்தது. 1992க்கும் 2004க்கும் இடையே அங்கே பெரியவர்களின் இரத்த ஈயமும் பாதிக்குக் கீழே இறங்கியது. டென்மார்க் ஒரு படி மேலே போய், 2024 ஏப்ரலில் ரைபிள் குண்டிலும் ஈயத்தைத் தடைசெய்துவிட்டது.

“அப்படியென்றால் வேட்டை இறைச்சியை விட்டுவிடச் சொல்லலாமே” என்று ஒரு தாதி என்னிடம் சொன்னார். வேண்டாம். விமானத்தில் வரும் இறைச்சியின் விலையை அந்த ஊர்க் கடையில் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். வசந்தத்தில் கூஸ் என்னும் பெரிய காட்டு வாத்து வரும்போது பள்ளிக்கூடங்களே மூடப்படுகின்றன, குடும்பம் குடும்பமாக முகாமுக்குப் போகிறார்கள். கூடாரத்துக்குள் நெருப்பருகே கயிற்றில் தொங்கவிட்டுச் சுழற்றி வாட்டும் அந்த வாத்தில் இரும்பும் நல்ல கொழுப்பும் இருக்கின்றன. அதை நிறுத்தினால் அந்த இடத்துக்கு வருவது சோடாவும் பொட்டலத் தீனியும்தான். மாற்றவேண்டியது தோட்டாவை, உணவை அல்ல.

வடக்கே வேலைக்குப் போகும் தாதிகள், மருத்துவர்கள், ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். கர்ப்பிணியிடமும் சிறு பிள்ளைகளின் தாயிடமும் என்ன இறைச்சி, எந்தத் தோட்டா என்று இயல்பாகக் கேளுங்கள், விசாரணை மாதிரி வேண்டாம். வாத்துப் பருவம் முடிந்து நெடுநாள் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். படத்தில் சன்னம் தெரிந்தால், வேறு காரணத்துக்காக எடுத்த படமானாலும், அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். எஃகுச் சன்னமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: காந்தம் அதை இழுக்கும். தெற்கே எம்ஆர்ஐ எடுக்க அனுப்பும்போது அந்தத் தகவலும் நோயாளியோடு போகவேண்டும். நசுங்கிய வடிவமென்றால் ஈயமாக இருக்க வாய்ப்பு அதிகம், சுத்த உருண்டையென்றால் எஃகைச் சந்தேகிக்கலாம், ஆனால் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

வீட்டையும் பாருங்கள். தூண்டிலுக்கு ஈயக் குண்டைப் பல்லால் கடித்து இறுக்குவது, அடுப்பில் ஈயத்தை உருக்கி வார்ப்பது, சாப்பாட்டு மேசையில் துப்பாக்கி துடைப்பது எல்லாம் நடக்கும். ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கும் ஒன்று: தெரிந்தவர் வேட்டையாடிக் கொடுக்கும் மான் இறைச்சி நம் வீடுகளுக்கும் வருகிறது. எந்தக் குண்டு என்று கேட்டு வாங்குங்கள். ஈயமென்றால் அரைத்த இறைச்சி வேண்டாம், காயத்திலிருந்து தள்ளியிருந்த முழுத் தொடையாகக் கேளுங்கள். பிள்ளைக்கும் பிள்ளைத்தாச்சிக்கும் அதையும் கொடுக்காமல் விடுவதே என் வீட்டு வழக்கம்.