ஸ்டியறிங் பிடித்த நேரம் மட்டும்தான் வேலையா?

"நான் நித்திரை கொள்ளேல்லை சேர். கண் ஒருக்கா மூடித் திறந்தது, அவ்வளவுதான்."

விபத்து வழக்கோடு என்னிடம் வரும் சாரதிகள் பலர் இப்படித்தான் தொடங்குவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. இரண்டு மூன்று விநாடிக் கண்ணயர்வு பலருக்கு நித்திரையாகத் தெரிவதே இல்லை. ஆனால் மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் லொறி மூன்று விநாடியில் 50 மீற்றர் போய்விடும்.

அப்படி வந்த ஒருவரிடம், "எத்தனை மணித்தியாலம் ஓடினீங்கள் அண்ணை?" என்று கேட்டேன். "ஆறரை" என்றார். பரவாயில்லையே என்று எழுதிக்கொண்டேன். பிறகு அந்த நாளை முழுதாகப் பிரித்துக் கேட்டேன். விடிய 5 மணிக்கு எழும்பியிருக்கிறார். யாழ்ப்பாணத்து மருதனார்மடம் சந்தையில் மரக்கறி மூட்டை ஏற்ற நின்றிருக்கிறார். மத்தியானம் ரயர் மாற்றும் வேலை, பின்னேரம் முதலாளி வீட்டு அலுவலாய் ஒரு ஓட்டம். கொழும்புக்கு வெளிக்கிட்டது இரவு எட்டரைக்கு. புத்தளம் தாண்டி அடிபட்டபோது விடியற்புறம் 3 மணி.

கொழும்பு ஓட்டத்தை மட்டும் எண்ணினால் ஆறரை மணித்தியாலம் என்றது சரிதான். ஆனால் அவர் எழும்பி அப்போது 22 மணித்தியாலம் ஆகியிருந்தது.

17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவருடையதற்குக் கிட்டத்தட்டச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 24 மணித்தியாலமானால் அது 100 மில்லிகிராமுக்குச் சமமாகிவிடும். இலங்கையில் சட்டம் பிடிக்கும் அளவு 80. குடியைப் பிடிக்கப் பொலிசிடம் ஊதும் பலூன் இருக்கிறது. நித்திரைக்கு என்னத்தை ஊதுவது?

இங்கேதான் ஓட்டும் நேரமும் வேலை நேரமும் வேறுவேறு என்பது முக்கியமாகிறது. சர்வதேச தொழில் அமைப்பின் 1979 ஆம் ஆண்டு 153 ஆம் இலக்கச் சமவாயம், வாகனத்தோடும் பொருளோடும் சேர்ந்த மற்ற வேலைகளையும் வேலை நேரமாகவே எண்ணுகிறது. தொடர்ந்து ஓட்டுவது 4 மணித்தியாலம், ஒரு நாளைக்கு 9, தொடர்ச்சியான ஓய்வு 10 என்பது அதன் பொது அளவு. ஏற்றுக்கொண்டவை மிகச் சில நாடுகளே. இலண்டனில் லொறி ஓட்டும் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் நிற்கவேண்டும், இரண்டு கிழமைக்கு 90 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வண்டியிலுள்ள கருவி எல்லாவற்றையும் பதியும். வீதிப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் தூரத்துக்கோ சுமைக்கோ காசு கொடுப்பதும் அங்கே தடை.

நம்மூரில் பெரும்பாலும் ட்ரிப்புக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சில் மணிக்கூட்டுக்கு இடமே இல்லை. கெதியாய்ப் போனால் கெதியாய்த் திரும்பலாம், இன்னொரு ட்ரிப் பிடிக்கலாம்.

"நாங்கள் முறிகண்டியில் நிற்கிறோம்தானே" என்பார்கள். உண்மை, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் யார் போகிறார்கள்? ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் முறிகண்டி வந்துவிடும். அங்கே யாருக்கும் களை வராது. உடம்பு படுக்கக் கேட்பது இரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில். அப்போது வண்டி புத்தளம், சிலாபம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். பிளேன்ரீக் கடையில் நிற்கும் பத்து நிமிடம் அதற்குப் போதாது.

இரண்டு சாரதி போட்டிருக்கிறோம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஓடுகிற வண்டியின் பக்கத்து சீற்றில் தலை ஆட ஆடத் தூங்குவதை ஐரோப்பிய விதி நாளாந்த ஓய்வாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டி நிற்கவேண்டும், படுக்க வசதியும் இருக்கவேண்டும்.

விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு சாரதியைத்தான் பிடிக்கும், ஐந்து வருடம் வரை. அவரை விடியத் தொடக்கம் வேலை வாங்கியவர் அந்தக் கூண்டில் பெரும்பாலும் நிற்பதில்லை. ஆனால் வேலையில் நடந்த விபத்துக்கு நட்டஈட்டுப் பொறுப்பு முதலாளியிடமும் வரும். சாரதியே காயப்பட்டால் 1934 ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டமும் இருக்கிறது.

சாரதிகளுக்கு நான் சொல்வது ஒரு சின்ன வேலை. ஒரு சிஆர் கொப்பி வாங்குங்கள். எழும்பிய நேரம், மூட்டை ஏற்றத் தொடங்கிய நேரம், வெளிக்கிட்ட நேரம், நின்ற இடம், படுத்த நேரம். பேனையால் எழுதுங்கள். அரசாங்க வாகனங்களில் ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிய ரன்னிங் சாட் எழுதுவது இல்லையா, அதைப்போல. ஒரு பக்கத்தைப் போன் கமராவில் எடுத்து முதலாளிக்கு அனுப்பி வையுங்கள். "எனக்குத் தெரியாது" என்று அவர் பிறகு சொல்லமுடியாது.

இதைக் கேட்ட ஒரு லொறி முதலாளி, "அப்ப அவர் நித்திரை கொள்ளுறதுக்கும் நான் காசு குடுக்கவேணுமோ?" என்றார். மூட்டை ஏற்ற வேறு ஒரு தம்பியைப் பிடித்தால் ஒரு நாள் கூலிதான் கூடும் என்றேன். கல்குலேற்றரில் தட்டிப் பார்த்தார், பிறகு முன்பக்கம் நொறுங்கினால் கராஜ்காரன் கேட்கும் காசையும் தட்டிப் பார்த்தார். இப்போது அவருடைய சாரதி பின்னேரம் 6 மணிக்குத்தான் வருகிறார். அப்போது லொறி ஏற்றி, படங்கு கட்டி நிற்கிறது.