எலும்பில் இருக்கும் கீறலைத் தேய்த்துவிடாதீர்கள்

மண்ணிலிருந்து பழைய எலும்பு ஒன்று வெளியே வந்தால் போதும், எல்லோருக்கும் கை பரபரக்கும். தண்ணீரில் அலசி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிப் போட்டோ எடுத்தால்தான் மனம் ஆறும். அகழாய்வுக் குழியில் பயிற்சிக்கு வரும் மாணவர்களும் இதைச் செய்கிறார்கள், கல்குவாரியிலும் மணல் அள்ளும் இடத்திலும் வேலை செய்பவர்களும் செய்கிறார்கள், ஆற்றங்கரையில் கல்லாயுதம் தேடித் திரியும் ஆர்வலர்களும் செய்கிறார்கள். விலங்கு எலும்புகளைப் பரிசோதிப்பது என் தொழில். தேய்த்து வார்னிஷ் அடித்துக் கண்ணாடிபோல் பளபளக்கும் எலும்பை யாராவது கொண்டுவந்து மேசைமேல் வைத்தால், பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி போய்விட்டது என்று தொடும்போதே தெரிந்துவிடும்.

ஆதிமனிதர்கள் யானையையும் நீர்யானையையும் காண்டாமிருகத்தையும் அறுத்துத் தின்றார்கள் என்று இன்று நம்மால் சொல்ல முடிவதற்குக் காரணம் எலும்பின் மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய கீறல்கள்தான். கல்லாயுதம் பக்கத்தில் கிடந்தது என்பது மட்டும் போதாது. ஆறு அடித்துக்கொண்டு வந்து இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கலாம்.

அந்தக் கீறலைப் பார்க்க ஆசையிருந்தால் மட்டன் குழம்பு வைக்கும் நாளில் ஒரு நல்லி எலும்பை எடுத்துக் காயவைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வழியே பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, சாய்த்தால்தான் நிழல் விழும். கத்தி பட்ட இடத்தில் மெல்லிய, நேரான, 'வி' வடிவப் பள்ளம் தெரியும். கல்சில்லால் அறுத்த எலும்பிலும் அதே 'வி' பள்ளம்தான், ஆனால் அதற்குள்ளே இன்னும் நுணுக்கமான கோடுகள் பள்ளத்தின் நீளத்துக்கு ஓடும். கல்லின் விளிம்பு உலோகக் கத்தி மாதிரி சீராக இருப்பதில்லை, அதில் இருக்கும் ஒவ்வொரு பிசிறும் தனியாக ஒரு கோடு போடுகிறது. நாயோ கழுதைப்புலியோ கடித்த பள்ளம் இப்படி இருக்காது. அது அகலமாக, அடியில் உருண்டையாக இருக்கும், ஓரம் நசுங்கியிருக்கும், பக்கத்தில் பல் குத்திய குழியும் இருக்கும். எலி கொறித்தால் பட்டை பட்டையாக வரிசை கட்டும். செடி வேர் அரித்தால் கிளை பிரிந்து வளைந்து போகும்.

கீறல் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மூட்டை ஒட்டி இருந்தால் காலைக் கழற்றியிருக்கிறார்கள். சதைப்பற்றுள்ள தொடை எலும்பின் நடுத்தண்டில் இருந்தால், கறி முழுசாக இருக்கும்போதே அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. சிங்கம் தின்று மிச்சம் வைத்த உடலில் பெரும்பாலும் தொடைக்கறி இருக்காது. ஆதிமனிதன் வேட்டையாடினானா, மற்ற மிருகங்கள் விட்டதைப் பொறுக்கினானா என்ற நெடுநாள் வாதத்தில் இரு தரப்பும் எடுத்துக்காட்டுவது இந்தத் தடங்களைத்தான். பல்தடத்தின்மேல் வெட்டுத்தடம் ஏறியிருக்கிறதா, வெட்டுத்தடத்தின்மேல் பல்தடம் ஏறியிருக்கிறதா என்று வரிசை பார்ப்பார்கள். டூத் பிரஷ்ஷும் மண் துகளும் சேர்ந்து பத்து நிமிடம் தேய்த்தால் இந்த நுணுக்கக் கோடுகள் மழுங்கிவிடும். அப்புறம் எந்த மைக்ரோஸ்கோப் வைத்தும் அவற்றை மீட்க முடியாது.

தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில், சுமார் 18 லட்சம் ஆண்டுப் பழைமையான ஓர் இடத்தை 1960 வாக்கில் தொல்லியலாளர் மேரி லீக்கி தோண்டினார். கல்லாயுதங்களோடு ஏராளமான விலங்கெலும்புகள் கிடைத்தன. வெட்டுத்தடம் என்று அப்போது யாரும் பெரிதாகத் தேடவில்லை. எலும்புகளைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து ஹென்றி பன் ஒரு பக்கமும், ரிச்சர்ட் பாட்ஸ், பாட் ஷிப்மன் இருவரும் இன்னொரு பக்கமுமாக அந்த எலும்புகளைப் பார்த்து, கல்லாயுதத்தால் அறுத்த தடங்கள் இருப்பதை 1981-ல் வெளியிட்டார்கள். 1960-ல் ஒருவர் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வைத்திருந்தால் 1981-ல் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஜெர்மனியின் நொய்மார்க்-நோர்டு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்ததும் இதேதான். 1980-களிலும் 90-களிலும் இயந்திரங்களுக்கு முன்னால் ஓடி ஓடி மீட்டு வைத்த எலும்புகள் அவை. எழுபதுக்கும் மேற்பட்ட நேர்த்தந்த யானைகளின் (இன்று அழிந்துபோன ஒரு யானை இனம்) மிச்சங்களை வரிசையாகப் பரிசோதித்து, 1,25,000 ஆண்டுகளுக்கு முன் நியாண்டர்தால் மனிதர்கள் அவற்றை முறையாக அறுத்திருக்கிறார்கள் என்று 2023-ல்தான் எழுதினார்கள். பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானைகள், பத்து டன்னுக்கும் மேல் எடை போகக்கூடியவை. மிருகங்கள் கடித்த தடம் அந்த எலும்புகளில் மிகக் குறைவு. கழுதைப்புலிக்குக்கூட மிச்சம் வைக்காமல் கறியை வழித்து எடுத்திருக்கிறார்கள்.

பெரிய எலும்பை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். உடைந்த சில்லுகளைத்தான் தள்ளிவிடுவார்கள். நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். காஷ்மீரில் ஸ்ரீநகருக்குப் பக்கத்தில், பாம்போரில், 2000-ஆம் ஆண்டு ஜம்மு பல்கலைக்கழகக் குழுவினர் ஒரு தொல்யானையின் பெரிய மண்டையோட்டை எடுத்தார்கள். அதோடு 87 கல்லாயுதங்களும் கிடைத்தன. மூன்று முதல் நான்கு லட்சம் ஆண்டுகள் பழைமை. மண்டையோடுதான் பார்ப்பவர் கண்ணில் படும். ஆனால் அந்த இடத்தில் மனிதன் யானையை என்ன செய்தான் என்பதைச் சொன்னது அதோடு சேர்த்து வைத்திருந்த எலும்புச் சில்லுகள். கல்லால் ஓங்கி அடித்தால் பச்சை எலும்பு எப்படித் தெறிக்குமோ அப்படித் தெறித்த சில்லுகள், உள்ளே இருக்கும் மஜ்ஜைக்காக உடைத்தவை என்று அத்வைத் ஜுகரும் அவரோடு ஆராய்ந்தவர்களும் 2024-ல் எழுதினார்கள். அறுத்த கீறல் ஒன்றும் அங்கே இல்லை. யானையை மனிதன் கொன்றான் என்பதற்கும் சான்று இல்லை. இந்தியாவில் இவ்வளவு பழைமையான காலத்தில் விலங்கை உடைத்துத் தின்றதற்கு நம் கையில் இருக்கும் சான்று அந்தச் சில்லுகள்தான். சல்லடையில் தங்கும் எலும்புத் துண்டைக் 'குப்பை' என்று ஓரம் தள்ளுகிறவர்களிடம் நான் பாம்போரைத்தான் சொல்வேன்.

யானை விஷயத்தில் இன்னொன்று. அதன் தோலும் சதையும் மூட்டைச் சுற்றியுள்ள குருத்தெலும்பும் அவ்வளவு தடிமன். ஜிம்பாப்வேயில், எண்ணிக்கையைக் குறைப்பதற்காகச் சுடப்பட்ட யானைகளை உலோகக் கத்தியால் அறுப்பதைக் கூட இருந்து கவனித்தவர் கேரி ஹேன்ஸ். தொழில் தெரிந்தவர்கள் அறுத்தால் எலும்பில் தடமே விழாமல் போவது உண்டு என்று அவர் கண்டார். அதனால் தடம் இல்லை என்பதை வைத்து மனிதன் தொடவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. அதே காரணத்தால் இருக்கும் ஒன்றிரண்டு தடங்களின் மதிப்பு கூடுகிறது. கென்யாவின் நியாயங்காவில், சுமார் 26 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய நீர்யானை எலும்புகள் சிலவற்றில் கிடைத்த தடங்களை வைத்துத்தான் அவ்வளவு பழைய காலத்தில் அவ்வளவு பெரிய மிருகத்தை அறுத்தார்கள் என்கிறோம். பிலிப்பைன்ஸின் கலிங்காவில் கிட்டத்தட்ட முழு காண்டாமிருக எலும்புக்கூடு, 7,09,000 ஆண்டுகள் பழைமை. பதிமூன்று எலும்புகளில் மனிதன் செய்த தடங்கள் இருந்தன, முன்னங்கால் எலும்புகள் மஜ்ஜைக்காக உடைக்கப்பட்டிருந்தன.

சரி, கீறல் இருந்தாலே மனிதன் போட்டதா? இல்லை. எத்தியோப்பியாவின் டிக்கிகாவில் சுமார் 34 லட்சம் ஆண்டுப் பழைய இரண்டு எலும்புகளில் வெட்டுத்தடம் இருக்கிறது என்று 2010-ல் அறிவித்தபோது உலகமே பரபரத்தது. உடனே மறுப்பும் வந்தது. மணலில் கிடக்கும் எலும்பை மந்தை மிதித்தாலும் மணற்துகள் இதே மாதிரி கோடு போடும் என்றார்கள் சிலர், முதலையின் பல்லாகவும் இருக்கலாம் என்றார்கள் வேறு சிலர். அந்த இடத்தில் கல்லாயுதமும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அதில் ஒருமித்த கருத்து இல்லை. 'மனிதகுல வரலாற்றை மாற்றி எழுதும் எலும்பு' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், தடம் எத்தனை எலும்பில் இருக்கிறது, எந்த மண் அடுக்கில் இருந்து எடுத்தது, மிதித்த தடம் இல்லை என்று எப்படி உறுதி செய்தார்கள் என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லாத செய்தியை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

நம் காலத்துக் கருவிகள் போடும் தடம் இதைவிடப் பெரிய தலைவலி. அமெரிக்காவின் சான் டியேகோவில் 1992-ல் சாலை வேலையின்போது மாஸ்டடான் என்ற, யானையைப் போன்ற அழிந்துபோன விலங்கின் எலும்புக்கூடு ஒன்று வெளிப்பட்டது. 1,30,000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் அதைக் கல்லால் உடைத்தான் என்று 2017-ல் ஒரு குழு எழுதியது. கனரக இயந்திரங்கள் மேலே ஏறி இறங்கினால் எலும்பு அப்படித்தான் உடையும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். இயந்திரம் வருவதற்கு முன்பே நிதானமாக எடுத்திருந்தால் இந்தச் சண்டைக்கு வேலையே இருந்திருக்காது. கடப்பாரையும் கொத்துக்கரண்டியும்கூட எலும்பில் தடம் போடும். புதுத் தடத்தை அடையாளம் காண ஒரு வழி உண்டு: பழைய கீறலுக்குள் எலும்பின் மற்றப் பகுதியின் நிறமே இருக்கும், பல நேரம் மண்ணோ சுண்ணாம்புப் படிவமோ இறுகியிருக்கும். நேற்றுப் போட்ட கீறல் உள்ளே வெளுத்துத் தெரியும். எலும்பைத் தேய்த்துக் கழுவிச் சாயம் போன பிறகு இந்த வித்தியாசமும் போய்விடுகிறது.

இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுப் பழைய கைக்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. ஆயுதம் கிடைத்த அளவுக்கு எலும்பு கிடைக்கவில்லை, சில விலங்குப் பற்கள்தான். ஆகவே நம் பக்கத்தில் பழைய மண் அடுக்கிலிருந்து வரும் ஒவ்வொரு விலங்கெலும்பும் எனக்குப் பெரிய விஷயம். எலும்பு கிடைத்ததாக வெளியே சொன்னால் அதிகாரிகள் வேலையை நிறுத்திவிடுவார்கள், நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்து, தோண்டுகிறவர்கள் அதை மூடிவிடுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு நாள் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற பக்கம் வேலை செய்யலாமே.

எலும்பு தென்பட்டால் இழுக்காதீர்கள். அது மண்ணில் இருக்கும் நிலையிலேயே, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். மண் அடுக்கும் படத்தில் விழட்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ மாநிலத் தொல்லியல் துறையிடமோ பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறையிடமோ சொல்லுங்கள். மழையோ வெள்ளமோ வந்து எடுத்தே ஆகவேண்டிய நிலை என்றால், ஒட்டியிருக்கும் மண்ணோடு சேர்த்து எடுங்கள், சுற்றியிருக்கும் சில்லுகளையும் கற்களையும் விடாமல் தனிப் பையில் போடுங்கள். தண்ணீர், வார்னிஷ், ஃபெவிகால் எதுவும் வேண்டாம். நிழலில் மெதுவாகக் காயட்டும். எலும்பு மண்ணுக்குள் போகும் முன் வெயிலும் மழையும் பட்டது மேல் பக்கத்தில்தான். அதனால் கீறல்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் நன்றாகத் தங்கியிருக்கும். எடுத்த இடத்தில் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைச் சுற்றும் காகிதத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.