தலையங்கச் சுதந்திரமா, ஆசிரியத் தன்னுரிமையா?

'எடிட்டோரியல் இண்டிபெண்டன்ஸ்' என்ற தொடரைத் தமிழில் 'தலையங்கச் சுதந்திரம்' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். இது பிழை. பிபிசி பற்றிய செய்தியில் வந்தால் இன்னும் பெரிய பிழை, ஏனென்றால் பிபிசிக்குத் தலையங்கமே கிடையாது. நாட்டு நடப்பில் தன் சொந்தக் கருத்தை அது ஒலிபரப்பக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு, இன்றும் நீடிக்கிறது.

குழப்பம் ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது. எடிட்டோரியல் என்பது பெயராக நின்றால் தலையங்கம். இன்னொரு சொல்லுக்கு அடையாக வந்தால் ஆசிரியர் பணியைச் சார்ந்தது. எடிட்டர் என்பதன் வேர், 'வெளியே கொடு' என்று பொருள்படும் லத்தீன் வினை. எதை வெளியே விடுவது, எதை நிறுத்துவது என்ற முடிவு யார் கையில் என்பதுதான் இந்தத் தொடரின் உயிர்.

1926 மே மாதம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. பெரும்பாலான பத்திரிகைகள் நின்றுபோயின, மக்கள் வானொலியை நம்பியிருந்தார்கள். பிபிசியை அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் அமைச்சர் சர்ச்சில். அது நடக்கவில்லை. ஆனால் எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டுக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. சமரசம் கேட்ட, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான கேன்டர்பரி பேராயரின் வேண்டுகோளும் உடனே ஒலிபரப்பாகவில்லை. 'நாம் உண்மையில் நடுநிலையாக இருக்க மாட்டோம் என்று அரசு நம்பலாம், அது அவர்களுக்கும் தெரியும்' என்று பிபிசியின் தலைமை நிர்வாகி ஜான் ரீத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். படிக்கும்போதே மனம் கனக்கிற வரி அது. நிறுவனம் கைமாறவில்லை, முடிவு கைமாறிவிட்டது.

1956இல் எகிப்தின் சூயஸ் கால்வாயை ஒட்டி எழுந்த சூயஸ் நெருக்கடியின்போது பிரிட்டன் பிரதமர் ஈடன் நாட்டு மக்களிடம் பேசினார். பதில் சொல்ல எதிர்க்கட்சித் தலைவர் கெய்ட்ஸ்கெல் நேரம் கேட்டார். அரசுக்கு அதில் விருப்பமில்லை, பிபிசி கொடுத்தது. இம்முறை முடிவு கைமாறவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சார்பின்மை' பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அந்தச் சொல் இன்று ஒருபக்கம் சாயாத நடுநிலையைத்தான் குறிக்கிறது. நடுநிலை செய்தியின் குணம். நாம் தேடுவது முடிவெடுப்பவரின் உரிமை. 'தன்னாட்சி' நிறுவனத்துக்குப் பொருந்தும். 1926இல் தன்னாட்சி பெயரளவில் தப்பிப் பிழைத்தது, உரிமைதான் போனது. அதனால் 'ஆசிரியத் தன்னுரிமை' என்பதே என் தேர்வு.

ஆசிரியர் என்றதும் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரலாம். ஆனாலும் இதழாசிரியர், செய்தி ஆசிரியர் என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். குற்றமாகிய 'ஆசு' இரிய, அதாவது விலகி ஓட, செய்பவர் ஆசிரியர் என்று பிரித்துக் காட்டுவோர் உண்டு. கேட்க இனிமைதான். ஆச்சார்ய என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்தும் விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது.

பேச்சுவழக்கில் இவ்வளவு கட்டுக்கோப்பு தேவையில்லை. 'எந்தச் செய்தி போகணும்னு அவங்களே முடிவு பண்ணுறாங்களா?' என்று கேட்டாலே பொருள் முழுதாக வந்துவிடும்.