வீச்சுக்குச் சத்தம் கிடையாது

கர்நாடக சங்கீதத்தின் ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. அதில் காதில் விழுவது கை தட்டும் மூன்றுதான்: ஒன்று, ஐந்து, ஏழு. மீதியெல்லாம் விரல் எண்ணுவதும் கையைத் திருப்பி வீசுவதும் (அதுதான் வீச்சு). பார்வையற்ற பிள்ளையிடம் “தாளம் நிக்கலையே” என்று பாட்டு டீச்சர்கள் அலுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தப் பிள்ளைக்கு நாம் தாளத்தில் பாதியைக்கூடக் காட்டவில்லை.

கச்சேரி பாடுவதும் சொல்லிக்கொடுப்பதும் என் தொழில். என் வகுப்பில் பார்வையற்ற பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்தே உட்காருவார்கள். தொடலாமா என்று கேட்டுக்கொண்டு, பிள்ளையின் கையை என் கைமேல் வைத்துத் தாளம் போடுவேன். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் தொடையில் படுவதும், வீச்சில் புறங்கை படுவதும் அதற்குப் புரிந்துவிடும். அப்புறம் தன் தொடையில் தானே போட்டுக்கொள்ளும். ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பிசகாமல் பாட இது போதும்.

அடுத்த தடை வாட்ஸ்ஆப். நோட்டில் ஸ்வரத்தோடு எழுதிய சாகித்யத்தை, அதாவது பாட்டின் வரிகளை, படம் எடுத்து அனுப்புகிறோம். போனில் படித்துச் சொல்லும் டாக்பேக்குக்கு அது வெறும் படம். தட்டச்சு செய்தால் சாகித்யம் சரி, ஸ்வரம் மேலா கீழா என்று காட்டும் ஸ்தாயிப் புள்ளிகள் சிக்கல். அதனால் ஒரே வரியை விதவிதமாகப் பாடும் ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனி ஆடியோவாகப் பாடி அனுப்பிவிடுகிறேன். மற்ற மாணவர்களும் நோட்டை மூடிவிட்டு இதைத்தான் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

நம் சங்கீதமே வாய்ப்பாடமாக வந்தது. புல்லாங்குழலுக்குக் கச்சேரி மேடையில் தனி இடம் வாங்கிக்கொடுத்த கும்பகோணம் சரப சாஸ்திரி பார்வையற்றவர். 1904இல் அவர் காலமானபோது வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது. அதற்குள் பல்லடம் சஞ்சீவ ராவ் போன்ற சீடரை உருவாக்கிவிட்டார். “இவங்களால முடியுமா?” என்று இன்றைக்கும் கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

மேடையில் வேறு சங்கடம். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு மிருதங்கக்காரரிடம் தலையசைப்பதும், நேரமாயிற்று என்று கச்சேரி நடத்தும் சபாவின் காரியதரிசி சீட்டை நீட்டுவதும் கண்ணை நம்பிய ஏற்பாடுகள். கச்சேரிக்கு முன்னால் பத்து நிமிடம் பேசிக்கொண்டால் தீர்ந்தது. வாய்விட்டு ஒரு சொல், தோளில் லேசாக ஒரு தட்டு, ஏதோ ஒன்று.

தீராதது டிசம்பர் 3. மாற்றுத்திறனாளிகள் தினமாம். கூப்பிட்டுப் பாடவைத்து, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். சன்மானம் பற்றிப் பேச்சே இருக்காது. அதே மாதம் மார்கழிக் கச்சேரிகள் தொடங்கும்போது அதே பாடகருக்கு மத்தியான ஸ்லாட்கூட இல்லை. மாற்றுத்திறனாளிகளின் கலாசார வாழ்வையும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை என்றே சொல்கிறது. பொன்னாடை எந்தக் கணக்கில் வரும்?

சக்கர நாற்காலியில் வரும் பாடகருக்காகச் சபாக்காரர்களுக்கு ஒரு கணக்கு. சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். மேடை இரண்டரை அடி என்றால் முப்பது அடி. கச்சேரி அன்றைக்குப் பலகையைச் சாய்த்து, நாலு பேர் சக்கர நாற்காலியைத் தூக்கிப் பிடிப்பது சாய்தளம் ஆகாது. இடமில்லையா, மேடையை விட்டுவிடுங்கள். ஜமக்காளத்தைக் கீழே விரித்து, பக்கவாத்தியக்காரர்களையும் அங்கேயே உட்காரவைத்து, மைக்கை இறக்கிக்கொடுங்கள். பாடகர் தன் நாற்காலியிலிருந்தே பாடட்டும்.