கண்டக்டர்: நடத்துநரும் இல்லை, இசையமைப்பாளரும் இல்லை

“1980ல் பர்மிங்காம் இசைக்குழுவில் நடத்துநராகச் சேர்ந்த சைமன் ராட்டில், 1990ல் இசையமைப்பாளராக உயர்ந்தார்.”

போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இருந்த வரி இது. இதே மாதிரி வரிகளை இதற்கு முன்னாலும் நாலைந்து இடத்தில் பார்த்து, திருத்தி, காரணமும் எழுதி அனுப்பியிருக்கிறேன். திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் மேற்கத்திய இசைக்குழுவுக்கு முன்னால் கோலோடு நிற்கும் கண்டக்டரைத் தமிழில் என்ன சொல்வது என்று ஒரு தடவை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கண்டக்டர் என்ற சொல்லின் வேர் லத்தீன். ‘கான்’ என்றால் சேர்த்து, ‘டூகெரே’ என்றால் அழைத்துச் செல்லுதல். பலரைச் சேர்த்து ஒரு வழியில் கூட்டிப்போகிறவர் கண்டக்டர். ஆங்கிலம் இந்த ஒரே சொல்லைப் பேருந்துக்கும் மின்சாரத்துக்கும் இசைமேடைக்கும் வைத்துக்கொண்டது. தமிழ் அப்படிச் செய்யவில்லை. பேருந்தில் நடத்துநர், மின்சாரத்துக்குக் கடத்தி, கோபுர உச்சியில் இடிதாங்கி என்று வேலையைப் பார்த்துத் தனித்தனிப் பெயர் வைத்தது. இசைமேடைக்கு மட்டும் வைக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு. நம் கச்சேரியில் பாடுகிறவரே தொடையில் தாளம் போட்டுக்கொள்கிறார். வாசிக்காமல், பாடாமல், எண்பது பேருக்கு முன்னால் கோலோடு நிற்கும் ஆள் நமக்குத் தேவைப்படவே இல்லை.

அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் பெயர் கிடைக்கும். கோல் கீழே இறங்கும்போது முதல் ஒலி பிறக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கை மேலே எழுகிறதே, அந்த ஒரு நொடியில்தான் முக்கால்வாசி வேலை. அது எழும் வேகத்தைப் பார்த்துக் குழல்காரர் மூச்சை இழுக்கிறார். வயலின்காரர்கள் வில்லை எவ்வளவு அழுத்துவது என்று முடிவு செய்கிறார்கள். அரங்கில் ஓசை எழுப்பாத ஒரே கலைஞர் அவர்தான். மிச்ச வேலையெல்லாம் ஒத்திகையில் முடிந்திருக்கும்: இந்த இடத்தில் கொம்பு அடங்கட்டும், செல்லோ மேலே வரட்டும் என்று.

இப்போது ‘நடத்துநர்’ என்ற சொல்லுக்கு வருவோம். பேருந்து நடத்துநரோடு குழம்பும் என்று எல்லாரும் சொல்லும் காரணம் எனக்குப் பெரிதில்லை. ஆங்கிலத்திலும் அதே குழப்பத்துக்கு இடம் இருக்கிறது, யாரும் குழம்புவதில்லை. என் மறுப்பு வேறு. தமிழில் ‘கச்சேரி நடத்தினார்’ என்றால் என்ன பொருள்? மண்டபம் பிடித்தவர், பந்தல் போட்டவர், பணம் கொடுத்தவர். சபாக்காரர் கச்சேரி நடத்துகிறார். பாடகர் கச்சேரி செய்கிறார். அப்படியிருக்க, ‘மிர்கா கிரஜினித்தே-தீலா 2016 முதல் பர்மிங்காமில் கச்சேரிகளை நடத்தினார்’ என்று எழுதினால், அங்கே கோல் பிடித்த அந்த லித்துவேனியப் பெண் டிக்கெட் விற்றார் என்றுதானே வாசகருக்குப் படும்? பெயர்ச்சொல்லைத் தனியாக வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். வினையாக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். (எழுதுவதே என்றால் ‘நடத்துனர்’ என்று எழுதாதீர்கள். ஓட்டுநர், ஆளுநர், இயக்குநர் போல ‘நர்’தான் விகுதி.)

‘இசைக்குழுத் தலைவர்’ என்கிறார்கள் சிலர். இது இன்னும் ஆபத்து. பிரிட்டனில் ‘லீடர்’ என்று தனியாக ஒருவர் இருக்கிறார். முதல் வயலின் வரிசையில் முதல் இருக்கைக்காரர் அவர். பர்மிங்காமில் 1998 முதல் 2008 வரை கோல் பிடித்த பின்லாந்துக்காரர் சக்காரி ஓரமோ, அதற்கு முன்னால் பின்னிஷ் வானொலி சிம்பொனி இசைக்குழுவில் அந்த முதல் இருக்கையில் வாசித்தவர். அங்கிருந்து எழுந்து மேடைக்கு வந்தது அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம். இரண்டுக்கும் ‘தலைவர்’ என்றே போட்டால், தலைவர் தலைவரானார் என்று எழுத வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ‘இசையமைப்பாளர்’ மீது. ‘மியூசிக் டைரக்டர்’ என்ற சொல்லைக் கண்டதும் நம் மொழிபெயர்ப்பாளரின் கை தானாக அதை எழுதிவிடுகிறது. தமிழ் சினிமாவில் மியூசிக் டைரக்டர் என்றால் மெட்டுப் போடுகிறவர். சரி, அது நம் வழக்கு. சிம்பொனி உலகில் அது ஒரு பதவி. எந்தக் கச்சேரிப் பருவத்தில் என்ன வாசிப்பது, எந்த வாசிப்பாளரைச் சேர்ப்பது, குழுவின் ஒலி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் பொறுப்பு. ராட்டில் 25 வயதில் பர்மிங்காமுக்கு வந்து 18 ஆண்டு இருந்தார். வேறொரு நகரத்துப் பெரிய குழுவுக்கு ஓடாமல் அங்கேயே நின்று, 1991ல் திறந்த சிம்பொனி ஹாலுக்கு அந்தக் குழுவை அழைத்துப்போனார். பிறகு 2002ல் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்குப் போனார். இந்த உழைப்பை ‘இசையமைப்பாளரானார்’ என்ற சொல் முழுசாக அழித்துவிடுகிறது.

அதே குழுவிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. போலந்திலிருந்து வந்த ஆந்த்ரே பானுஃப்னிக் உண்மையிலேயே இசையமைப்பாளர். 1957ல் பர்மிங்காமில் பொறுப்பேற்றார். எழுத நேரம் கிடைக்கவில்லை. 1959ல் பதவியை விட்டுவிட்டு எழுதப் போய்விட்டார். இதை நம்மவர் எப்படி மொழிபெயர்ப்பார்? ‘இசையமைப்பாளர் பதவியை விட்டு இசையமைக்கச் சென்றார்’ என்றா? அவ்வளவு தூரம் போவானேன். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. எழுதியவர் இளையராஜா, மேடையில் கோல் பிடித்தவர் மிகேல் டாம்ஸ். இரண்டு ஆள், இரண்டு வேலை. அந்த அரங்கேற்றத்துக்குப் பிறகும் இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, என் சொல் எது? நெறியாளர். இசைநெறியாளர். இலங்கைத் தமிழில் நாடகத்துக்கு ‘நெறியாள்கை’ என்று நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். வினையாகவும் வளைகிறது: மாலரின் சிம்பொனியை நெறியாண்டார். ஆய்வு நெறியாளர் இருக்கிறாரே, தொலைக்காட்சி விவாத நெறியாளர் இருக்கிறாரே என்று கேட்கலாம். இருக்கட்டும். ஆய்வை எழுதுபவர் மாணவர், பேசுபவர் விருந்தினர், வாசிப்பவர் வயலின்காரர். பிறர் செய்வதை ஒரு நெறியில் வைப்பவர் என்ற பொருள் மூன்றிலும் மாறவில்லை. அப்புறம், ‘கெஸ்ட் கண்டக்டர்’ என்பவர் வருகை நெறியாளர். வருகைப் பேராசிரியர் நமக்கு முன்பே பழக்கம்தான். மியூசிக் டைரக்டர் பதவிக்கு இசைப் பொறுப்பாளர் போதும். அழகான சொல் இல்லை, ஆனால் பொய் சொல்லாது. லீடருக்கு முதல் வயலின்.

ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எனக்குப் பிடித்தது பல்லியம். பல இயம், அதாவது பல வாத்தியம். ‘அந்தரப் பல்லியம் கறங்க’ என்று திருமுருகாற்றுப்படையிலேயே இருக்கிறது. ஆனாலும் இதைத் திணிக்க மாட்டேன். சிம்பொனி இசைக்குழு என்றாலே புரிகிறது. வெறும் ஆர்க்கெஸ்ட்ரா என்று மட்டும் எழுதாதீர்கள். நம் ஊரில் அது கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டுப் பாடும் குழு.

அந்த வரியை இப்படித் திருத்தி அனுப்பியிருக்கிறேன்: “1980ல் பர்மிங்காம் நகர சிம்பொனி இசைக்குழுவின் முதன்மை நெறியாளராக வந்த சைமன் ராட்டில், 1990ல் அதன் இசைப் பொறுப்பாளர் ஆனார்.”