மீட்டரில் முள் அசையவில்லை என்றால்

திருச்சியைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் எங்கள் வேலை இரவு பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். பகல் ஷிஃப்ட் ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பியபின் சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்பு விளக்கை எரியவிட்டு, கொதிகலன் குழாய்களின் வெல்டிங்கை ‘ஷாட்’ எடுப்போம். ஆஸ்பத்திரியில் கை எலும்பை எக்ஸ்ரே எடுப்பது மாதிரிதான். இங்கே எலும்புக்குப் பதில் இரும்பு, எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பதில் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள். அந்த ‘சோர்ஸ்’ மிளகு அளவுதான் இருக்கும். அதைப் பூட்டி வைக்கிற பெட்டிக்குப் பெயர் ‘கேமரா’. உள்ளே யுரேனியக் கவசம் இருப்பதால் 20 கிலோவுக்கு மேல் கனக்கும்.

நான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர். இப்படிப் படமெடுக்கும் ‘ரேடியோகிராஃபி’ வேலைக்கான ஆர்.டி.-1 சான்றிதழ் வாங்கிக்கொண்டு வரும் பையன்களை வேலையிடத்தில் பழக்கிவிடுவது என் பொறுப்புகளில் ஒன்று. ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்தவர்கள், பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள். ‘நம் நாட்டுக்கு அணுத்துறையில் திறமையான ஆட்கள் வேண்டும்’ என்று பேசும்போது யாருக்கும் இவர்கள் நினைவுக்கு வருவதில்லை. மும்பை டிராம்பேயின் அணு ஆராய்ச்சி மையமும் கல்பாக்கமும் கூடங்குளமும்தான் நினைவுக்கு வரும். அங்கே இருப்பவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அணுத்துறைப் பயிற்சி என்றால் என்ன என்பதை நான் ஒரு மரமேசையின் மேல், கதிர்வீச்சை அளந்து முள்ளால் காட்டும் ஒரு சர்வே மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கற்றேன். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கேமராவின் ஒரு பக்கம் சோர்ஸ் போய்வரும் கைடு டியூப், மறு பக்கம் அதைத் தள்ளி இழுக்கும் டிரைவ் கேபிள். தூரத்தில் நின்று கிராங்க் என்ற கைப்பிடியைச் சுற்றினால் சோர்ஸ் கேமராவை விட்டு வெளியேறி டியூப் வழியாகப் போய் வெல்டிங்குக்கு அருகே நிற்கும். கணக்குப் போட்டு வைத்த நேரம் முடிந்ததும் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் திரும்பிவரும். கிராங்க் நின்றுவிட்டால் சோர்ஸ் உள்ளே வந்துவிட்டது என்று கைக்குத் தோன்றும்.

தோன்றும், அவ்வளவுதான். கேபிளுக்கும் சோர்ஸுக்கும் நடுவே இருக்கும் இணைப்பு கழன்றிருந்தால் கேபிள் மட்டும் வரும். சோர்ஸ் டியூபுக்குள்ளேயே கிடக்கும். கைக்கு வித்தியாசமே தெரியாது. கண்ணுக்கும் தெரியாது. 50 கியூரி இரிடியம் (கியூரி என்பது சோர்ஸின் வீரியத்துக்கான அளவு) ஒரு மீட்டர் தூரத்தில் திறந்து கிடந்தால், அங்கே நிற்பவரின் உடம்பில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிசீவர்ட் ஏறும். உடம்பு வாங்கும் கதிர்வீச்சுக்கான அளவு அது. நம் நாட்டில் கதிர்வீச்சுத் தொழிலாளருக்கு அனுமதி, ஐந்து ஆண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் ஒரு வருடத்துச் சராசரி ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். தெரியாமல் அதை விரலால் எடுத்துவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம்.

அதனால்தான் ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் மீட்டரைக் கையில் பிடித்தபடியே நடக்க வேண்டும். கேமராவைச் சுற்றி அளந்து, டியூபின் நுனிவரை அளந்து, பிறகுதான் ஃபிலிமைத் தொட வேண்டும். ஒரு ராத்திரிக்கு முப்பது ஷாட் என்றால் முப்பது தடவை. இருபத்தொன்பது தடவை எல்லாம் சரியாகவே இருக்கும். முப்பதாவது தடவையும் கை மீட்டரைத் தேட வேண்டும். பயிற்சி என்று நான் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பட்டறையின் பெயர் வேண்டாம். என்னிடம் பழகிய பையன் ஒருவன் இரவு வேலையில் இருந்தான். இரண்டு மணி வாக்கில் ஷாட் முடிந்து கிராங்கைச் சுற்றினான், வழக்கம்போல நின்றது. மீட்டரோடு நடந்தான். முள் பூஜ்யத்தில் இருந்தது. உதவியாளர், ‘வந்துருச்சு தம்பி, ஃபிலிமை எடு’ என்றிருக்கிறார். இவன் கேமராவை நெருங்கினான், அப்போதும் பூஜ்யம். அங்கேதான் நின்றுவிட்டான். பூட்டிய கேமராவாக இருந்தாலும் மேற்பரப்பில் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும், முள் சற்றாவது அசைய வேண்டும். அசையவில்லை என்றால் கதிர்வீச்சு இல்லை என்று அர்த்தமாகாது, மீட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம். உதவியாளரையும் கூட்டிக்கொண்டு வேகமாகப் பின்வாங்கி, இரண்டாவது மீட்டரை எடுத்து, தூரத்திலிருந்து மெதுவாக வந்து பார்த்தான். முள் எகிறியது. சோர்ஸ் டியூபுக்குள் கிடந்தது. மாலையில் நன்றாக வேலை செய்த முதல் மீட்டரில் நடுராத்திரியில் பேட்டரி தீர்ந்திருந்தது.

கயிற்றை இன்னும் தள்ளிக் கட்டிவிட்டு எனக்கு போன் செய்தான். நான் போய்ச் சேர்ந்தபோது கேட்டுக்கு வெளியே ஒருவரையும் உள்ளே விடாமல் நின்றுகொண்டிருந்தான், உடம்பெல்லாம் வியர்வை. ஈயக்குண்டுப் பைகள், நீளமான கிடுக்கி, முறை வைத்து ஆள் மாற்றம் என்று சோர்ஸை மீட்டு முடிக்க விடிந்துவிட்டது. உடம்பில் ஏறிய கதிர்வீச்சைப் பதிவு செய்யும் பேட்ஜை எல்லோரிடமும் வாங்கி உடனே சோதனைக்கு அனுப்பினோம். எவருக்கும் வரம்பு தாண்டவில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் எழுதினோம். அந்த இரண்டாவது மீட்டரை வாங்கித் தரச் சொல்லி நிர்வாகத்திடம் நான் மூன்று மாதம் நடந்திருந்தேன். ‘ஒண்ணு இருக்கே சார், இன்னொண்ணு எதுக்கு?’ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிராங்கைச் சுற்றுவது ஒன்று, சோர்ஸ் திரும்புவது வேறொன்று. மிளகு அளவு சோர்ஸுக்குப் பொருந்தும் இந்த வித்தியாசம் பெரிய உலைக்கும் அப்படியே பொருந்தும். 1979 மார்ச் 28 அதிகாலையில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் உலையில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் இருந்த விளக்கு, வால்வு மூடிவிட்டது என்று எண்ணும்படி காட்டியது. மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டுமே அந்த விளக்கு காட்டும், வால்வு மூடியதா என்று காட்டாது. குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியேறிக்கொண்டே இருந்தது. உள்ளே நீர் அதிகம் இருப்பதாக எண்ணிய இயக்குநர்கள் அவசரக் குளிர்விப்பையும் குறைத்துவிட்டார்கள். உலையின் மையப்பகுதி பாதியளவு உருகியது. அவர்களுக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. இப்படி ஒரு நிலையைப் பயிற்சியில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அதுதான் குறை.

அதற்குப் பிறகுதான் கட்டுப்பாட்டு அறையை அச்சாக அப்படியே செய்துவைத்து, வேண்டுமென்றே பழுதுகளை உண்டாக்கிப் பழக்கும் சிமுலேட்டர் பயிற்சி உலகம் முழுவதும் கட்டாயம் போலாயிற்று. கூடங்குளத்திலும் அப்படியொரு அறை உண்டு. நம் நாட்டில் உலையை இயக்கும் பொறியாளர் பட்டம் வாங்கியவுடன் நாற்காலியில் உட்கார்ந்துவிட முடியாது. வகுப்பு, களத்தில் குழாய் குழாயாகத் தேடிப் பார்த்துக் கற்பது, சிமுலேட்டர், எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் கடந்து உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமத்தையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது.

இந்த நாட்டில் ஆட்களை உருவாக்கும் எண்ணம் உலை வருவதற்கு முன்பே வந்துவிட்டது. 1944 மார்ச்சில் ஹோமி பாபா தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தில், இன்னும் இருபது ஆண்டுகளில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது நிபுணர்களுக்காக இந்தியா வெளிநாட்டைப் பார்த்து நிற்கக் கூடாது என்ற கருத்தைச் சொன்னார். சுதந்திரத்துக்கு மூன்று வருடம் முன்பு! 1956-ல் நாட்டின் முதல் ஆராய்ச்சி உலையான அப்சரா இயங்கத் தொடங்கியது, அடுத்த ஆண்டே டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி திறந்துவிட்டார்கள். பொறியியல் பட்டதாரியும் இயற்பியல் முதுகலைக்காரரும் ஒரே வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து படித்துவிட்டு ஆய்வகங்களுக்குப் போனார்கள். கல்பாக்கத்தில் 1985-ல் சோதனை அதிவேக ஈனுலை (எரிபொருளை எரித்துக்கொண்டே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலை) இயங்கத் தொடங்கியதற்குப் பின்னால் இப்படிப் படித்து வந்தவர்களின் உழைப்பு நிறைய இருக்கிறது. இப்போது கல்பாக்கத்திலேயே அந்தப் பள்ளியின் கிளை உண்டு. டிப்ளமா, ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து வேலையில் சேர்க்கும் திட்டம் இருக்கிறது. அரசுத் துறைக்குள் இருக்கும் வரை இந்த ஏணி உறுதியாகவே இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது வேலிக்கு வெளியே. கதிரியக்கப் பொருள் உலைக்குள் மட்டுமா இருக்கிறது? புற்றுநோய் மருத்துவமனையில், பட்டறையில், சிமெண்ட் ஆலையின் அளவுமானியில், கல்லூரி ஆய்வகத்தின் மூலையில்கூட இருக்கிறது. 2010-ல் டெல்லி மாயாபுரியில் நடந்தது நினைவிருக்கலாம். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கருவியைப் பழைய சாமானோடு ஏலத்தில் விட்டுவிட்டார்கள். காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், இன்னும் சிலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்த ஏலப் பட்டியலைக் கையெழுத்துக்கு அனுப்பும் முன், மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சுச் சின்னத்தை அடையாளம் காணக்கூடிய ஒருவர் ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும்.

பிரேசிலின் கோயானியா நகரில் 1987 செப்டம்பரில் நடந்ததை என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளுக்கும் நான் நிதானமாகச் சொல்வேன். இடம் மாறிய மருத்துவமனை ஒன்று சீசியம்-137 உள்ள சிகிச்சைக் கருவியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுப் போனது. 13-ந் தேதி இரண்டு பேர் அதைக் கழற்றி எடுத்துப்போய்ப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்த தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பங்கு போய்ச் சேர்ந்தது. வீட்டில் ஒவ்வொருவராக நோய்வாய்ப்படவே, கடைக்காரரின் மனைவி சந்தேகப்பட்டு மிச்சத்தைப் பையில் போட்டு பஸ்ஸில் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். மறுநாள், தற்செயலாக அந்த ஊருக்கு வந்திருந்த ஒரு மருத்துவ இயற்பியலாளரைக் கூப்பிட்டார்கள். யுரேனியம் தேடப் பயன்படும் மீட்டர் ஒன்றை அவர் இரவல் வாங்கி வந்தார். வழியிலேயே முள் கடைசிவரை போய்விட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தார். நினைத்ததோடு விடாமல் திரும்பிப் போய் இன்னொரு மீட்டர் வாங்கிவந்தார். அதுவும் அதையே காட்டியது. அவர் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வீரர்கள் அந்தப் பொருளை ஆற்றில் போடத் தயாராக இருந்தார்கள். தடுத்துவிட்டார்.

நான்கு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. கருவி கழன்று 16 நாள் கழித்துதான் இன்னதென்று தெரிந்தது. அப்படித் தெரிந்ததுகூட, இரண்டாவது மீட்டரைத் தேடிப் போன ஒருவர் விருந்தாளியாக ஊரில் இருந்ததால்தான். இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். நம் மாவட்டம் ஒவ்வொன்றிலும் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்பேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

2047-க்குள் 100 கிகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் இலக்கு வைத்திருக்கிறார்கள். இப்போது இருப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உலைகள் பெருகினால் வெல்டிங் பெருகும், ரேடியோகிராஃபி பெருகும், ஒப்பந்தத்துக்கு உள்ஒப்பந்தம் எடுக்கும் சின்னப் பட்டறைகள் பெருகும். அங்கே வேலைக்கு வரப்போகும் பிள்ளை எந்த மொழியில் கற்கப்போகிறான்? பாடக்குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. அரை ஆயுள் என்பதற்கான சமன்பாட்டை மனப்பாடமாக எழுதுகிறான், ஆனால் புரிந்ததா என்று கேட்டால் தலையைச் சொறிகிறான். நான் இப்படிச் சொல்வேன்: ‘தம்பி, இரிடியத்துக்கு 74 நாள். இன்னைக்கு 40 கியூரி இருந்தா 74 நாள் கழிச்சு 20. பத்து நிமிஷ ஷாட் இருபது நிமிஷம் ஆகும். ராத்திரி நீளும்.’ ராத்திரி நீளும் என்றதும் புரிந்துவிடுகிறது, ஏனென்றால் தூக்கத்தோடு சம்பந்தப்பட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம், எவ்வளவு தள்ளி நிற்கிறோம், நடுவில் சுவர் இருக்கிறதா என்று வீட்டில் அம்மா பார்ப்பதுதான் கதிர்வீச்சுப் பாதுகாப்பின் மூன்று விதிகளும். அடுப்பின் சூடு உறைக்கும், இது உறைக்காது. அந்த இடத்தில்தான் மீட்டர் வருகிறது.

சான்றிதழ் இல்லாத உதவியாளர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கயிறு கட்டுவதும் ஃபிலிம் ஒட்டுவதும் அவர்கள்தான். அன்று ‘ஃபிலிமை எடு’ என்று சொன்னவரும் அப்படி ஒருவர்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் அவருக்கு அரை நாள்கூட உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. இப்போது என் வகுப்பில் அவர்களுக்கும் இடம் உண்டு. அந்த ஒரு நாள் கூலியைப் பட்டறை கொடுக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறேன்.

வகுப்பின் முதல் நாள் மரமேசையில் ஐந்து மீட்டர்களையும் ஒரு பூட்டிய கேமராவையும் வைப்பேன். ஒரு மீட்டரில் தீர்ந்துபோன பேட்டரி இருக்கும். யாரிடமும் சொல்ல மாட்டேன். அது யார் கைக்குப் போனாலும், முதல் நாளில் பெரும்பாலும் பூஜ்யத்தைப் பார்த்துச் சந்தோஷமாக நடந்துவிடுவார்கள். போன தொகுதியில், பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், கடைசி நாளன்று அதை எடுத்தான். கேமராவின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தான், திருப்பி வைத்துப் பார்த்தான். ‘சார், முள்ளே அசையல. வேற குடுங்க’ என்று என்னிடம் நீட்டினான். என் கையில் இருந்ததைக் கொடுத்தேன். அதையும் கேமராவில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைத் தாண்டினான்.